இடது இடுப்பு, ஆண், 59

பெயர் இல்லை. ஒட்டுத்தாளில் எண்,
இடது இடுப்பு, ஆண், 59.
அந்த வியாழன் பெர்ன் மருத்துவமனையில்
இரண்டு இடுப்புகள்தான் கழற்றினார்கள்,
மற்றது ஒரு பெண்ணுடையது.
எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
தெரிந்துவிட்டது.

சிறு தோடம்பழம் அளவு.
ரெகுலா வாளால் அறுத்து
ஒரு துண்டத்தைக் கரைசலில் இட்டு மூடினாள்.
எலும்பை வந்தவுடன் சீவ முடியாது.
சுண்ணாம்பு போகவேண்டும், வாரக்கணக்கில்.

செவ்வாயும் வெள்ளியும் கரைசல் மாற்றினேன்.
வீட்டில் குகதாசன்
குளியலறை வரை ஊன்றுகோலில் போய்வந்தார்,
பிறகு தபால்பெட்டி வரை,
பிறகு ஆரே ஆற்றங்கரையின் முதல் வாங்கு வரை.
அங்கே உறுதியாகிக்கொண்டு வந்தவர்
இங்கே, மூடி போட்ட போத்தலுக்குள்,
ஊசி இறங்கும் பதத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆறாம் வாரம்.
மெழுகுக் கட்டியைக் கத்தியில் ஏற்றினேன்.
மூச்சுப் பட்டால் பறக்கும் ஏடு
வெந்நீரில் மிதந்து சுருக்கம் விரித்தது.
வைத்தியர் கேட்டது ஒரு சாயம்.
கணக்கில் எழுதாமல் இன்னொன்றும் ஏற்றினேன்:
எலும்பு பச்சையாகும்,
குருத்தெலும்பு, இருந்தால், சிவக்கும்.

பச்சை.
மேடையை நகர்த்த நகர்த்தப் பச்சை.
ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்பு,
நகம் வளர்ந்து தள்ளிக்கொண்டுபோன
மருதாணியின் கடைசிக் கீற்று.

அதற்குள் கலங்கள் குழிகளில் குந்தியிருந்தன.
ஒரு குழியில் ஒன்றோ இரண்டோ இருக்கவேண்டியவை
நெருக்கியடித்து ஒன்பது.
இரத்தக்குழாய் அந்தப் பக்கம் வருவதில்லை, நரம்பும் இல்லை.
நடக்கையில் நசுங்கி, நிமிர்கையில் ஊறுவதுதான் சாப்பாடு.
பாரம் அதற்குச் சோறு.
கூடினால் நஞ்சு.

ரெகுலா குனிந்து பார்த்தாள்.
"தேய்கிறது மேலே இருப்பது,
கத்துகிறது கீழே இருப்பது" என்றாள்,
பணிஸைக் கடித்தபடி.
அப்படித்தான்.
குருத்தெலும்புக்கு வலிக்கத் தெரியாது.
அது போய்முடிந்த இடத்தில்தான்
எலும்பு வாய் திறக்கும்.
போன வைகாசி வரை
"ஒண்டுமில்லை, சும்மா பிடிப்பு" என்றவரை
அவளுக்குத் தெரியாது.

கழுத்துப் பக்கத்து விளிம்பில் வளையங்கள்.
நடுவே குருதி ஓடிய துளை,
சுற்றிச் சுற்றி அடுக்குகள்,
அடுக்குக்குள் சிறைப்பட்ட கலங்கள்
மயிரிழைக் கால்வாய்களில் விரல் நீட்டி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.
புது வளையம் பழையதைத் தின்றுதான் எழும்பும்.
இடுக்குகளில் தின்னாமல் விட்ட
பழைய பிறைகள் மீந்திருந்தன.
எந்த வருடத்தினுடையவையோ.
ஆளின் எலும்பு சில ஆண்டுகளில்
முழுதும் மாறிவிடும் என்று படித்தேன்.
முழுதும் இல்லைப் போலும்.

உள்ளே வரிச்சுகள்
பாரம் வந்த திசைக்கு முண்டு கொடுத்து நின்றன.
கிராம்காஸேயில் நடைபாதையோரம்
பலகைக் கதவைத் தூக்கினால் நிலவறைப் படி,
செங்குத்து, பதினேழு.
இடது தோளில் உருளைக்கிழங்கு மூட்டை.
இருபத்தாறு வருடம்.
எத்தனை மூட்டை என்று நான் கேட்டதில்லை,
அவரும் சொன்னதில்லை.

அறிக்கை இரண்டு வரி.
முற்றிய தேய்வு. புற்று இல்லை.
அதில் பிழை ஏதும் இல்லை.
சிவப்பும் பச்சையுமான தகட்டுக்கு
எண் எழுதாமல் இழுப்பறையில் வைத்தேன்.

இரவு, சாப்பாட்டு மேசை.
"உம்மில மருந்து மணக்குது.
இண்டைக்கு என்ன வெட்டினனீர்?"
"ஒரு இடுப்பு."
"ஆருடையது?"
"எண்தான் வரும்."
பருப்பைக் குழைத்தார். கொஞ்சம் பொறுத்து,
"எலும்பு எப்பிடி?"
"நல்லாப் பாரம் தூக்கின எலும்பு."
"அப்ப அந்தாளுக்கும் இனி இரும்புதான்"
என்று சிரித்து,
ஊன்றுகோலைக் கதிரையிலேயே விட்டுவிட்டுத்
தண்ணீர் எடுக்க எழும்பினார்.
ஏழு அடி.
எண்ணினேன்.